வத்தல் மூட்டைக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

அன்புள்ள ரத்தினத்துக்கு,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். உன் தங்கச்சி வள்ளி இப்போதுதான் தூங்கினாள். படுக்க வைத்தால் மூச்சு இரைக்கிறது என்பதால் இடது தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். தாள் நகராமல் இருக்க உங்க அப்பாவின் எடைப் படிக்கல் ஒன்றை மேலே தூக்கி வைத்திருக்கிறேன். பகலில் எழுதலாம்தான். ஆனால் பகலில் இந்த வீட்டில் ஒரு நினைப்பை முழுதாக நினைத்து முடிக்க விடமாட்டார்கள். பாதி நினைக்கையில் சாக்கு கேட்டு ஆள் வரும், மீதியை நினைக்கையில் வள்ளிக்கு இருமல் வரும்.

உனக்கு மூன்று இன்லேண்ட் எழுதினேன். மூன்றுக்கும் பதில் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஹாஸ்டலில் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கோயம்புத்தூரில் குளிர் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மூன்றிலும் கடைசி வரி "தங்கச்சிக்கு முத்தம்." நான் கேட்ட ஒரே விஷயத்தைப் பற்றி மட்டும் ஒரு எழுத்து இல்லை. மறந்துவிட்டாய் என்று நினைக்க நான் சின்னப் பிள்ளை இல்லை. ஒரு தடவை மறக்கலாம், மூன்று தடவையும் அதையே மறக்க முடியாது. எனக்குக் கோபமாக வருகிறது ரத்தினம். அதை மறைத்துக்கொண்டு இனிமேல் எழுதப்போவதில்லை.

மறுபடியும் கேட்கிறேன். அந்த அறையைக் காலி செய்ய வேண்டும். உன் அம்மாவின் அறையை.

நீ இந்த வீட்டை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. லீவுக்கு வந்தாலும் நாலு நாள் தங்கிவிட்டு ஓடுகிறாய். அதனால் இங்கே என்ன சேர்ந்திருக்கிறது என்று உனக்குச் சொல்கிறேன். சமையல்கட்டுப் பரணில் டால்டா டின் மட்டும் முப்பதுக்கு மேல் இருக்கிறது. கூடத்தில் ஒவ்வொரு ஆணியிலும் ஐந்தாறு வருடக் காலண்டர் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்குகிறது. தட்டு இல்லாத தராசு, கம்பி மட்டும் இருக்கிற குடை, நீ ஏழாம் வகுப்பில் ஓட்டிய சைக்கிளின் டயர். மாடிப்படிக்கு அடியில் கிழிந்த சாக்கு, அதைத் தைக்கப் போட்ட சாக்கு, அதற்கும் கீழே எலி. நான் எதையாவது தொட்டால் உங்க அப்பா தலையை நிமிர்த்தாமல் ஒரே வார்த்தை சொல்லுவார்: "கெடக்கட்டும்."

"தட்டே இல்லாத தராசு எதுக்கு?"

"தட்டு வாங்குனா ஆச்சு. கெடக்கட்டும்."

"தட்டு மட்டும் யாரு விப்பா?"

"இவ ஒருத்தி. அது சோறா கேக்குது? கெடக்கட்டும்."

நான் மதுரையில் மூன்று வருடம் மனையியல் படித்தவள். ஒரு மனிதனுக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும், அறையின் தரையில் எத்தனை பங்கு ஜன்னல் இருக்க வேண்டும் என்றெல்லாம் படம் போட்டு மார்க் வாங்கியவள். அந்தப் பேப்பரைத் திருத்திய டீச்சரம்மா இப்போது இந்த வீட்டுக்கு வந்து பார்த்தால் என் மார்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார்.

தராசும் டின்னும் கிடந்துவிட்டுப் போகட்டும். என் சண்டை அந்த அறையோடுதான். அது எப்படி மிளகாய் வத்தல் கிடங்கானது என்று உனக்கு முழுசாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். நீ பத்தாவது படித்த வருடம் ஐப்பசி மழையில் கடைக் கிடங்கு ஒழுகியது. நனையாமல் இருக்கட்டும் என்று உங்க அப்பா பன்னிரண்டு மூட்டை வத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்து உன் அம்மா அறையில் இறக்கினார். ஒரு வாரத்துக்குத்தான் என்றார். அந்த வாரத்தில் விருதுநகரில் வத்தல் விலை ஏறிவிட்டது. அவ்வளவுதான். "இது அவ ராசி" என்றுவிட்டார். உன் அம்மா உயிரோடு இருந்தபோது அவர் கை பட்டுக் கட்டிய மூட்டை என்றால் விலை இறங்காதாம். மறுவருடம் முப்பது மூட்டை. அதற்கடுத்த வருடம் கூரை வரைக்கும். காரியாபட்டியில் வாங்கினாலும் நரிக்குடியில் வாங்கினாலும் முதல் லோடு அந்த அறைக்குள் போய்விட்டுத்தான் வெளியே வரவேண்டும் என்று ஆகிவிட்டது. நடுவில் இரண்டு வருடம் விலை விழவும் செய்தது. அது கணக்கில் சேரவில்லை. அது மார்க்கெட் செய்த தப்பு.

வள்ளி பிறக்கும் வரை நானும் பொறுத்துக்கொண்டேன். தும்மினேன், முந்தானையால் மூக்கைப் பொத்தினேன், அவ்வளவுதான். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அது தவழ ஆரம்பித்ததும் இரைப்பும் ஆரம்பித்தது. போன மாதம் அருப்புக்கோட்டை டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு என் சேலையை மோந்து பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்தார். "ஏம்மா, நீங்க வீட்டுல குடியிருக்கீகளா, குடோன்ல குடியிருக்கீகளா?" என்றார். மருந்து எழுதித் தந்தார். "இத நான் மாசாமாசம் எழுதித் தாரேன், நீங்களும் மாசாமாசம் வாங்கிக் குடுங்க. ஆனா வத்தல வெளிய எடுத்து, சுண்ணாம்பு அடிச்சு, காத்து வர வழி பண்ணாத வரைக்கும் பிள்ளைக்கு முழுசா நல்லாகாது" என்றார். உங்க அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். பஸ்ஸில் திரும்பி வந்து திருச்சுழியில் இறங்கும்போது, "கோடை முடியட்டும், பாப்போம்" என்றார்.

கோடை முடியும் வரைக்கும் காத்திருக்க முடியாது என்று தை கடைசி வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு என்ன நாள் என்று உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிடுகிற நாள். மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். உங்க அப்பா பக்கவாட்டில் நடந்து உள்ளே போய், உன் அம்மாவுக்குப் படைக்கிற சேலையை வைக்கிற ஓலைப்பெட்டியை இறக்கினார். உன் அத்தை அரக்குச் சேலையை மஞ்சளோடு உள்ளே வைத்து, போன வருடத்துச் சேலையை எடுத்து என் கையில் தந்தார். வழக்கம்போல் அதைக் கட்டிக்கொண்டேன். ஒன்பது வருடமாக உன் அம்மாவுக்குப் படைத்த சேலையைத்தான் அந்த நாளில் நான் உடுத்துகிறேன். ஒரு தடவை கூட முகம் சுளித்ததில்லை. வள்ளி ஓடி வந்து என் மடியில் ஏறி முந்தானையில் முகத்தைப் புதைத்தாள். ஒரு வருடம் வத்தலுக்கு நடுவே இருந்த சேலை ரத்தினம். பிள்ளைக்கு அப்படியே மூச்சு நின்றுவிட்டது. உதடு நீலமாகிவிட்டது. நான் எல்லார் முன்னாலும் அந்தச் சேலையை உருவிப் போட்டுவிட்டு, உள்பாவாடையும் ஜாக்கெட்டுமாக அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். வெளிக்காற்று பட்டு, முகத்தில் தண்ணி அடித்த பிறகுதான் அழுதாள். அவள் அழுத சத்தம் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது.

உள்ளே திரும்பி வந்தால் உன் அத்தை சேலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "ஏத்தா, படிச்சவன்னா சாமி சேலைய அவுத்து வீசலாமா? அறையக் காலி பண்ணணும், காலி பண்ணணும்னு நீ ஓயாமச் சொன்னேல்ல. தெய்வமாப் போனவளுக்கு மனக்கொற. காமிச்சுட்டா."

நான் அதுவரை அவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசிவிட்டேன். "மதினி, சாமி முகத்துக்கு நேரா யாராச்சும் வத்தல் மூட்டைய அடுக்குவாகளா? நாலு வருஷமா அவுகளும்தான இருமிக்கிட்டு இருப்பாக? கொறை இருந்தா அது என் மேல இருக்குமா, அடுக்குனவுக மேல இருக்குமா?" என்றேன். உன் அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டார். உங்க அப்பா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் இல்லை. அடி வாங்கினவர் பார்க்கிற மாதிரி. பிறகு சொன்னார்: "ரத்தினம் சொல்லட்டும். அவன் ஆத்தா ரூம்பு. அவன் சரின்னா நான் ஒரு வார்த்தை பேசல."

அதனால்தான் உனக்கு மூன்று இன்லேண்ட்.

நீ ஏன் அதற்குப் பதில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உன்மேல் மட்டும் கோபப்படுவது சரியில்லை. தூக்குச்சட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

உன் அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து நான் இந்த வீட்டுக்கு வந்தேன். உனக்குப் பதினொன்று, எனக்கு இருபத்தொன்று. வந்த மறுவருடம், படித்ததையெல்லாம் ஒரே வாரத்தில் செய்து காட்டிவிட வேண்டும் என்று கிளம்பினேன். உங்க அப்பா கொள்முதலுக்குப் போயிருந்தார். வீடு முழுக்கத் தூசி தட்டினேன். அந்த அறையில் தேக்கு பீரோவை மட்டும் நகர்த்த முடியவில்லை, மற்றதையெல்லாம் கழுவினேன். ட்ரங்குப் பெட்டியில் உன் அம்மாவின் பழைய நூல் சேலை ஏழு இருந்தது. பெட்டிக்குள் பூச்சி. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவர் அன்றைக்கென்று சைக்கிளில் வந்தார். "ஏழு சேலைக்கு இந்தச் சட்டி ஜாஸ்திம்மா, ஏதோ மொத வியாபாரம்" என்று சொல்லி மூடி போட்ட ஒரு தூக்குச்சட்டியைத் தந்தார். எனக்குப் பெருமை. உனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டு போக ஆகும் என்று உன் பெயரையே அதில் வெட்டச் சொன்னேன்.

நீ சாயங்காலம் வந்தாய். பெட்டி வெயிலில் திறந்து கிடந்தது. பக்கத்தில் போய்த் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாய். நான் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். தலையை வெளியே எடுத்து, மூடியைச் சாத்தி, கொக்கியையும் மாட்டிவிட்டுப் போய்விட்டாய். அழவில்லை, கேட்கவில்லை. மறுநாள் உன் பெயர் வெட்டிய தூக்குச்சட்டியில் சோறு வைத்தேன். அதை அப்படியே வைத்துவிட்டு, மூடி சரியாகச் சேராத பழைய பித்தளைச் சட்டியில் நீயே எடுத்துப் போட்டுக்கொண்டு போனாய். பதினொன்றாவது முடிக்கும் வரை உன் புத்தகமெல்லாம் குழம்புக் கறை.

அந்தச் சட்டியை நீ வைத்துவிட்டுப் போன அன்றைக்கு இரவே, உன் அம்மாவின் வாசனை அந்தச் சேலைகளில்தான் இருந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நாள் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய் அந்த ஆளைத் தேடிப் பிடித்தேன். சேலையெல்லாம் மில்லுக்கு மெஷின் துடைக்கப் போய்விட்டது என்றார். திரும்பி வந்தேன். இதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் தப்பை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று ஒரு வீம்பு. பிறகு நாளாகிவிட்டது. நாளானபின் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு ரத்தினம். அது என் பொருள் இல்லை, உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எதையும் தொட எனக்குத் துணிச்சல் வரவில்லை. உங்க அப்பா "கெடக்கட்டும்" என்றால் நான் வாயை மூடிக்கொண்டதற்கு அதுதான் காரணம். இந்தக் குப்பையில் பாதிக்கு நான்தான் பொறுப்பு.

நீயும் நாளைக்கு ஒரு வீடு வைப்பாய். ஒரு பெண் வருவாள். அவளும் வந்த மறுநாளே விளக்குமாறைக் கையில் எடுக்கலாம். அப்போது உன் பொருள் எது, எதைத் தொடக்கூடாது என்று வாய் திறந்து சொல்லிவிடு. அவள் தப்பு செய்கிற வரை காத்திருந்துவிட்டு அப்புறம் பெட்டிக் கொக்கியை மாட்டிவிட்டுப் போகாதே. இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்தலாகத்தான் சொல்கிறேன்.

இப்போது முக்கியமானது. போன செவ்வாய் உங்க அப்பா விருதுநகர் போயிருந்தார். சுண்ணாம்பு அடிக்க என்ன ஆகும் என்று கேட்டு வைப்போம் என்று கொத்தனாரை வரச் சொன்னேன். நீ பார்த்திருப்பாய், ஒரு காது கேளாத பெரியவர். அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு தும்மல் போட்டார். "என்ன தாயி, ஜன்னல எங்க காணோம்?" என்றார்.

"இந்த அறையில ஜன்னல் கெடையாதே" என்றேன்.

காதில் விழவில்லை. மறுபடியும் கத்திச் சொன்னேன்.

"எனக்குக் காதுதான் கேக்காது, கண்ணு நல்லாத் தெரியும். செவத்த இடிச்சு வச்சவன் நான், இல்லங்குறீகளே" என்று என்னைச் சந்துக்கு அழைத்துக்கொண்டு போனார். சுவரில் தகரம் அடித்து அதன்மேல் சுண்ணாம்பு பூசிய இடம். எலிப்பொந்தை அடைத்தது என்று ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். குச்சியால் தட்டினார், டங்கென்று சத்தம் வந்தது. "பெரியம்மா வயித்துல ரத்தினம் இருக்கையில வச்சது. காத்தே இல்லாத வீட்டுல பிள்ள பெறமாட்டேன், ஜன்னல் வச்சாத்தான் ஆச்சுன்னு நின்னாக. ஐயா வேணாம்னாரு, கள்ளன் வருவான்னாரு. அம்மா விடல. 'கள்ளன் வந்தா தட்டுமுட்டுச் சாமானையாச்சும் தூக்கிட்டுப் போகட்டும்'னாக. நான் சிரிச்சுட்டேன், ஐயா என்னைய வஞ்சுட்டாரு. பெறகு அம்மா போன பதினாறாம் நாளு ஐயாவே தகரத்தக் கொண்டாந்து அடிக்கச் சொன்னாரு. ஏன் எதுக்குன்னு நான் கேக்கல."

உங்க அப்பா வந்ததும் நான் கேட்டேன். சோற்றில் வைத்த கையைத் தட்டிலேயே கழுவினார். பிறகு சொன்னார்: "அந்த ஜன்னல்ல ஒக்கார வச்சுத்தான் அவனுக்குச் சோறு ஊட்டுவா. அவ போன பெறகு பொழுது சாஞ்சா அவன் அங்கன போயி ஏறி ஒக்காந்துக்கிருவான். எறங்க மாட்டான். அழுவான். பாக்க முடியல. தகரத்த அடிச்சு, பீரோவ இழுத்து முன்னால போட்டேன். அவன் ஒண்ணும் கேக்கல. பெறகு எப்புடித் தொறக்க?"

அவர் உனக்காக அடைத்தார். நீ அவருக்காக வாய் திறக்காமல் இருந்தாயோ என்னவோ. நான் என் பழைய தப்புக்குப் பயந்து எதையும் தொடவில்லை. மூன்று பேரும் சேர்ந்து அந்த இருட்டில் வத்தலை அடுக்கி வைத்திருக்கிறோம். அதை ஒன்றும் அறியாத இரண்டரை வயதுப் பிள்ளை மூச்சில் இழுக்கிறது. உன் அம்மா சண்டை போட்டு வாங்கிய ஜன்னல் அது. உன் மூச்சுக்காக வாங்கியது. அது இருப்பது தெரிந்தபின் எனக்கு உன் அம்மாமேல் இருந்த பயம் போய்விட்டது. அவர் இன்றைக்கு இருந்திருந்தால் எனக்கு முன்னால் அந்த மூட்டைகளைத் தெருவில் தள்ளியிருப்பார்.

வருகிற வெள்ளிக்கிழமை பழைய வத்தல் முழுவதும் லாரியில் விருதுநகர் போகிறது. பத்து நாள் அறை காலியாக இருக்கும். அதன்பிறகு பங்குனி வத்தல் வந்து இறங்கிவிடும். அந்தப் பத்து நாளுக்குள் பீரோவை நகர்த்தி, தகரத்தைப் பிடுங்கி, கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். ஓலைப்பெட்டி எங்கேயும் போகாது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், வெளிச்சம் படுகிற இடத்தில் மாட்டுகிறேன். ட்ரங்குப் பெட்டியும் அங்கேயே இருக்கும். உன்னைக் கேட்காமல் அந்த அறையிலிருந்து ஒரு துரும்பு வெளியே போகாது, வத்தலைத் தவிர. தூக்குச்சட்டியையும் வைத்திருக்கிறேன், இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. அதை என்ன செய்வதென்றும் நீதான் சொல்ல வேண்டும்.

உனக்கு மனம் வரவில்லை என்றால் அதையும் எழுது. திட்டி எழுதினாலும் சரி. உனக்கு அந்த உரிமை உண்டு. நான் அப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வள்ளி தோளில் புரண்டு படுக்கிறாள். இப்போதைக்கு இரைப்பு இல்லை. காலையில் முதல் தபாலில் இதைப் போட்டுவிடுவேன், இரண்டு நாளில் உன் கைக்கு வந்துவிடும். எனக்கு எழுத வேண்டாம், உங்க அப்பாவுக்கு எழுது. ஒரு கார்டு போதும். "ஜன்னலைத் திறங்க" அல்லது "திறக்காதீங்க", இரண்டில் ஒன்று. தங்கச்சிக்கு முத்தம் என்று மட்டும் எழுதி அனுப்பாதே. உடனே பதில் போடு.

இப்படிக்கு,
சித்தி